‘நான் சாதி பார்ப்பதில்லை’ என்பவரின் சாதி

படித்தவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் சாதி என்ற பேச்சு எழுந்தால் உடனே ஒரு பதில் வரும்: “நமக்கெல்லாம் அது கிடையாதுங்க. நான் யார்கிட்டயும் சாதி பார்த்ததே இல்ல.” இதைச் சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தான் சொல்வதை அவர் முழுமையாக நம்புகிறார். அந்த நம்பிக்கையைச் சுற்றி ஒரு கருத்து வளர்ந்து, இன்று ஏறக்குறையப் பொது அறிவாகவே ஆகிவிட்டது. சாதி என்பது தேர்தல் நேரத்தில் கட்சிகள் கிளறுவது, சான்றிதழுக்காக அரசு காப்பாற்றி வைத்திருப்பது, தலித் இயக்கங்கள் விடாமல் பேசிப் பேசி உயிரோடு வைத்திருப்பது. பேசாமல் விட்டால் அடுத்த தலைமுறையில் தானாக மறைந்துவிடும். பார்க்காதவர் ஏற்கெனவே அதைக் கடந்துவிட்டார். இந்தக் கருத்து தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘சாதி பார்ப்பதில்லை’ என்ற மனநிலை சாதிக்கு வெளியே பிறப்பதில்லை. மேலே இருக்கும் சாதிகளின் சாதி உணர்வு இன்று எடுத்திருக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. ஆகவே ஆராய வேண்டியது சேரியின் மனத்தை மட்டுமல்ல, ஊரின் மனத்தையும்தான்.

அந்தக் கருத்தில் உண்மையே இல்லையென்று தள்ளிவிட முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டது. அதற்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் முதல் இன்றுவரை பல லட்சம் பேர் அதை விட்டார்கள். 1978இல் தெருப்பெயர்களிலிருந்தும் சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணையிட்டது. இந்தியாவின் வேறெந்தப் பகுதியிலும் இவ்வளவு பெரிய அளவில் இது நடக்கவில்லை. ஆனால் பெயரிலிருந்து பட்டம் போனதும் சாதியே போய்விட்டது என்று அந்த மாநாட்டில் யாரும் முடிவு கட்டவில்லை. நிலம், கோயில், திருமணம் என்று அடுத்தடுத்த வேலைகள் பட்டியலில் இருந்தன. நாம் முதல் வேலையை முடித்துவிட்டு, மற்றவையும் முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொண்டோம். பட்டம் இல்லாத பெயர், பட்டம் தந்த எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் வசதியையும் சேர்த்தே கொடுத்தது.

ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் தன் வீட்டில் செய்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 2011-12இல் நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு, தீண்டாமை பற்றி இரண்டு கேள்விகள் கேட்டது. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்று சொன்னவர்களிடம் மட்டும் இரண்டாவது கேள்வி: தாழ்த்தப்பட்ட சாதிக்காரர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ ஆட்சேபம் உண்டா? இரண்டு பதில்களையும் சேர்த்தபோது 27 விழுக்காடு வீடுகளில் தீண்டாமை இருப்பது தெரிந்தது. முதல் கேள்விக்கு நிம்மதியாக ‘இல்லை’ என்றவர்களில் ஒரு பகுதியினர், அடுப்பங்கரை என்றதும் ‘உண்டு’ என்றார்கள். அதே ஆய்வில் சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 விழுக்காடு. ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் மணமகள் தேவை விளம்பரங்கள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லும். ‘சாதி தடையில்லை’ என்று பெருமையாகத் தொடங்கும் விளம்பரத்தின் அடுத்த சொற்கள் ‘எஸ்.சி., எஸ்.டி. தவிர’. எழுதியவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. தான் சாதி பார்க்காதவர் என்பதும் அவருக்கு உண்மை, அந்த ‘தவிர’வும் அவருக்கு இயல்பு. இந்த இரண்டும் ஒரே வரியில் சண்டையில்லாமல் குடியிருக்கும் மனம்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டியது.

அந்த மனம் வேலை செய்யும் விதத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். புதிதாக ஊருக்கு வரும் ஒருவரிடம் யாரும் சாதியைக் கேட்பதில்லை, அது நாகரிகமில்லை. எந்த ஊர் என்று கேட்பார்கள். உத்திரமேரூர் பக்கம் என்றால், அதில் எந்தப் பக்கம்? ஊரா, காலனியா? அப்பா பேர் என்ன? குலதெய்வம் எது? பொண்ணு எடுத்தது எங்கே? ஐந்து கேள்விக்குள் தேவையான விவரம் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு சேரில் உட்காரச் சொல்வதா, நின்றபடியே பேசி அனுப்புவதா, தண்ணீரை எந்தச் சொம்பில் கொடுப்பது என்பதெல்லாம் தானாக நடக்கும். கேட்டவரிடம் பிறகு விசாரித்தால், சாதியைப் பற்றித் தான் வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்வார். அதுவும் உண்மைதான். பார்க்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு எல்லாம் முன்கூட்டியே பிரித்து வைக்கப்பட்ட இடத்தில், பார்ப்பதில்லை என்று சொல்வது சுலபம்.

அமெரிக்காவில் வெள்ளையர் மனத்தைப் பற்றிய ஆய்வு இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. இனவெறியின் உளவியல் என்றால் அது கறுப்பினத்தவருக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பதே அங்கும் நெடுங்கால வழக்கம். ஜேனட் ஹெல்ம்ஸ் என்ற கறுப்பின உளவியலாளர் 1984இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். வெள்ளையருக்கும் இன அடையாளம் உண்டு. அது எப்படி வளர்கிறது? அவர் வகுத்த ஆறு நிலைகளில் முதல் நிலை, தனக்கு இனம் என்று ஒன்று இருப்பதே உறைக்காத நிலை. ‘நான் நிறம் பார்ப்பதில்லை’ என்பது அந்த நிலையின் பேச்சு. அனுபவம் அதை உடைக்கும்போது குழப்பமும் குற்றவுணர்வும் வருகின்றன. அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாதவர் மூன்றாம் நிலையில், பாதிக்கப்பட்டவர் மீதே கோபம் கொண்டு தன் இனத்துக்குள் திரும்ப ஒதுங்குகிறார். அதற்கும் அப்பால்தான் உண்மையை ஏற்று மாறும் நிலைகள் வருகின்றன. நம்மூரில் பயணத்தின் முடிவாகக் கொண்டாடப்படும் வாக்கியம், அங்கே அதன் முதல் படியாக வைக்கப்பட்டிருக்கிறது. 2004இல் லிசா ஸ்பேனியர்மன், மேரி ஹெப்னர் இருவரும் இனவெறி வெள்ளையர் மனத்தில் எழுப்பும் உணர்ச்சிகளை அளக்க ஒரு அளவுகோல் உருவாக்கினார்கள். அதில் மூன்று வகை: பாதிக்கப்பட்டவருக்காக மனம் வருந்துவது, குற்றவுணர்வு, மற்றவர் மீதான அச்சம்.

ஹெல்ம்ஸ் சொன்ன ஒதுங்கலையும் இந்த அச்சத்தையும் இங்கே தேடிப் போக வேண்டியதில்லை. 1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிப்பதற்கென்றே சீர்திருத்தவாதிகள் நடத்திய அமைப்பு அது. அவருடைய உரை முன்கூட்டியே அச்சானது. சாதியின் வேர் சாத்திரங்களின் புனிதத்தில் இருக்கிறது என்ற வாதத்தைப் படித்ததும் அவர்களுக்குத் தாங்கவில்லை. சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார், மாநாடே ரத்தானது. அந்த உரைதான் ‘சாதி ஒழிப்பு’ என்ற நூலாக வந்தது. சாதி கூடாது என்பதில் அந்தச் சீர்திருத்தவாதிகளுக்கு ஐயமில்லை. தங்கள் சாதியைத் தங்கள் முன்னால் வைத்துப் பேசியபோதுதான் ஏற்க முடியவில்லை. அச்சத்துக்கு உதாரணம் இன்னும் அண்மையில் இருக்கிறது. 2012 நவம்பரில் தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் ஒரு கலப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு எரிக்கப்பட்டன. அதையொட்டி, தலித் இளைஞர்கள் திட்டமிட்டுக் காதலிப்பதாக நடிக்கிறார்கள் என்னும் ‘நாடகக் காதல்’ பேச்சு ஊர் ஊராகப் பரவியது. நிலமும் எண்ணிக்கையும் கையில் உள்ளவர்கள், ஜீன்ஸ் போட்ட இளைஞர்களைக் கண்டு தாங்களே ஆபத்தில் இருப்பதாக உண்மையாகவே நம்பினார்கள். வலிமையுள்ளவர் தன்னை இரையாக உணர்வது விசித்திரம். ஆனால் அதுதான் ஆதிக்க மனத்தின் வழக்கமான உணர்ச்சி. சாதி பார்க்காத மனத்துக்கு இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, நாம் மறுக்கும் கருத்திடம் பதில் இல்லை.

பெருமிதமும் ஒரு உளவியல் எதிர்வினைதான். அதற்கு உத்திரமேரூரை விடச் சிறந்த சான்று கிடைக்காது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921இல் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), பெயர் எழுதிய ஓலை, குடத்தில் கைவிடும் சிறுவன், கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் தடை என எல்லாம் அதில் உண்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய உரையில் பிரதமரும் இந்த ஊரைக் குறிப்பிட்டார். ஜனநாயகத்தின் தொட்டில் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே கல்வெட்டு, யார் பெயரைக் குடத்தில் இடலாம் என்றும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகையும் உண்டு. ஊரின் பெயரே உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். உழுதவர், நெய்தவர், பறையடித்தவர், எந்தச் சாதிப் பெண்ணும் அந்தக் குடத்துக்கு வெளியேதான். பத்தாம் நூற்றாண்டில் அப்படி இருந்தது வியப்பல்ல. உலகம் முழுவதும் அப்படித்தான். தேர்வு விதிகளின் நுணுக்கமும் மெச்சத் தக்கதே. ஆனால் இருபத்தோராம் நூற்றாண்டில் அதே சுவரைப் படிக்கும் கண்ணுக்குக் குடம் தெரிகிறது, தகுதிப் பட்டியல் தெரிவதில்லை. அந்தப் பட்டியல் தன்னை வெளியே நிறுத்தாது என்று உறுதியாக இருப்பவருக்கே அது தெரியாமல் போகும்.

அந்தத் தகுதிகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆயிரம் ஆண்டு கீழே வருவோம்: சொந்த மனையில் சொந்த வீடு. 1891இல் உத்திரமேரூரை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமன்ஹீர், பறையர் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். சேரியில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்தக் குடிசை நிற்கும் மனைகூடச் சொந்தமில்லை, அது மிராசுதாரர் கையில் இருக்கிறது, கூலி கேட்டாலோ வேறிடம் போக நினைத்தாலோ மனையை விட்டு விரட்டுவோம் என்ற மிரட்டலே அவர்களைக் கட்டிப்போடும் கயிறு என்று அவர் காட்டினார். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் தாழ்த்தப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் இப்படி 12 லட்சம் ஏக்கர் தரப்பட்டதாகப் பொதுவாகச் சொல்வார்கள். பிற சாதியாருக்கு அதை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறியது. நூறாண்டு கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல் துறை சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் பேரன் இன்று சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, தான் சாதியே பார்த்ததில்லை என்று சொல்லலாம். அவர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதபடி அவருக்காகப் பத்திரப் பதிவு அலுவலகம் பார்த்துக்கொண்டது.

சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2013இல் எழுதிய கட்டுரையில் இந்த மாற்றத்தைத் தெளிவாக விளக்கினார். மேல்சாதிகள் தங்கள் சாதி தந்த நிலத்தையும் கல்வியையும் வேலையாகவும் பட்டமாகவும் சொத்தாகவும் மாற்றிக்கொண்டபின், சாதியின் பெயர் அவர்களுக்குத் தேவையில்லாமல் போனது. சாதி என்ற முத்திரை கீழே உள்ளவர் மீது மட்டும் மிஞ்சியது. சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து அஜந்தா சுப்ரமணியன் 2019இல் வெளியிட்ட நூலும், தகுதி என்ற பெயரில் சாதி எப்படித் தொடர்கிறது என்று காட்டுகிறது. பொதுப் பிரிவில் வந்தவர் சாதியில்லாதவர், இட ஒதுக்கீட்டில் வந்தவர் மட்டுமே சாதிக்காரர் என்ற நம் அன்றாடப் பேச்சு இதன் விளைவு. மேலே இருப்பவர் மனத்தைச் சாதி தொடவே இல்லை என்பதையும் சோதனை மறுக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களைப் புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். சாதி வெளியே தெரியாதபோது இரு தரப்பும் ஒரே அளவில் தீர்த்தது. கலந்து உட்காரவைத்துச் சாதியை உரக்க வாசித்ததும் தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறன் சரிந்தது. சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைத்து வாசித்தபோதோ மேல்சாதிச் சிறுவர்களும் குறைவாகவே தீர்த்தார்கள். தன் இடம் உறுதி என்று நினைவூட்டப்பட்டவனுக்கு முயற்சி எதற்கு? சாதி அவர்கள் மனத்திலும் ஏற்கெனவே குடியிருந்தது.

எதிர்வாதங்கள் வரட்டும். முதலாவது, வெள்ளையரோடு எங்களை ஒப்பிடலாமா, இனம் வேறு சாதி வேறு என்பது. 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அரசும் இதையே சொன்னது. தோற்றத்தில் இரண்டும் வேறு என்பது சரி. நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதியை விசாரித்துத்தான் அறிய வேண்டும். ஆனால் இந்த வேறுபாடு எதிர்வாதத்துக்கு உதவாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் கண்டுபிடித்துக் காப்பாற்றும் சமூகத்தில், அதற்கான கவனம் இன்னும் கூடுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, நாங்களே பிற்படுத்தப்பட்டவர்கள், பிராமணர் எங்களை ஒதுக்கினார், நாங்கள் எப்படி ஆதிக்கச் சாதி என்பது. இதில் நியாயமான வலி இருக்கிறது. ஆனால் மேலிருந்து பட்ட அடி கீழே ஓங்கும் கையைத் தடுக்கவில்லை என்பதே சாதியின் தனிக்கணக்கு. எல்லோருக்கும் மேலே ஒருவர், ஏறக்குறைய எல்லோருக்கும் கீழே ஒருவர் என்ற இந்தப் படிநிலைச் சமத்துவமின்மைதான் ஏணி முழுவதும் சேர்ந்து எழாமல் தடுக்கிறது என்று அம்பேத்கர் விளக்கியிருக்கிறார். இந்த நாட்டில் ஒருவர் காலையில் அவமதிக்கப்பட்டவராகவும் மாலையில் அவமதிப்பவராகவும் இருக்க முடியும். காலையின் நினைவு மாலைக்கு மன்னிப்பாகாது.

மூன்றாவது வாதம்தான் பலமானதாகத் தோன்றும்: பேசாமல் விட்டால் மறைந்துவிடும். பிள்ளைகள் மத்தியில் சாதி இல்லை, நாம்தான் புகுத்துகிறோம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்குள் சாதியைப் புகுத்தியது அம்பேத்கரியப் பேச்சு என்று யாரும் சொல்ல முடியாது. வகுப்பு பேசாமல் விடும் இடத்தை, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு நிரப்பிக்கொள்கிறது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது ஆகியவற்றோடு, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ அமர்த்தக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. மௌனம் நடுநிலையல்ல என்று ஓர் அரசுக் குழு ஒப்புக்கொண்ட இடம் அது.

கடைசி வாதம் குற்றவுணர்வைப் பற்றியது. தாத்தா செய்ததற்குப் பேரன் ஏன் தலைகுனிய வேண்டும்? குனிய வேண்டாம். ஆனால் தாத்தாவின் நிலமும் தொடர்புகளும் பேரனுக்கு வரும்போது, அவை வந்த வழியின் கணக்கும் சேர்ந்தே வருகிறது. அது குற்றமல்ல, பொறுப்பு. ஸ்பேனியர்மன் குழுவினர் 2006இல் வெள்ளை மாணவர்களை உணர்ச்சி வாரியாகப் பிரித்தபோது, இனவெறியை எதிர்க்கும் பிரிவினரிடம் மனவருத்தமும் குற்றவுணர்வும் மிகுந்தும் அச்சம் குறைந்தும் இருந்தன. ஆகக் குற்றவுணர்வு தன்னளவில் நோயல்ல. அச்சத்தோடு சேரும்போது அது ஒதுங்கிக்கொள்ளும், அல்லது கோபமாக மாறும். அறிவோடும் பரிவோடும் சேரும்போது வேலை செய்யும். ‘நான் சாதி பார்ப்பதில்லை’ என்ற வாக்கியம் அறிவு, பரிவு என்ற இந்த இரண்டு வழிகளையும் அடைத்துவிடுகிறது. அதைச் சொன்னவர் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, எதையும் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே ‘சாதி பார்ப்பதில்லை’ என்பதை இனி ஒரு தகுதிச் சான்றாக ஏற்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர் குடவோலையோடு தகுதிப் பட்டியலையும் முழுமையாகப் படித்துக் காட்டட்டும். ஊரில் உள்ளவர்கள் தங்கள் கிராமத்தின் பஞ்சமி நிலம் எங்கே, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கட்டும். ஊர்ச் சுடுகாட்டுக்கும் காலனிச் சுடுகாட்டுக்கும் தனித்தனிப் பாதை ஏன் என்று கிராமசபையில் ஊர்க்காரர் ஒருவரே எழுந்து கேட்கட்டும்; இதுவரை காலனிக்காரர்தான் கேட்டு வந்திருக்கிறார். சாதியைப் பற்றிப் பேசுவது பாதிக்கப்பட்டவரின் வேலை மட்டுமே என்றிருக்கும் வரை அது ஒழியாது. அதை உண்டாக்கி அனுபவித்தவர்களின் வாரிசுகள் தங்கள் சாதியைத் தாங்களே எழுத்தில் வைத்துப் பேசத் தொடங்கும் நாளில்தான், செங்கல்பட்டு மாநாடு விட்டுச்சென்ற மிச்ச வேலை தொடங்கும்.